ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்நூறு ரூபாய்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்நூறு ரூபாய். பஸ், படகு, டீ, பலகாரம், மகள் அடம்பிடித்து வாங்கும் ஏதாவது ஒன்று என எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். நாலு பேர்: நான், மனைவி, ஆறு வயது மகள், அம்மா. தொகையை முடிவுசெய்தது மனைவி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் வாடகை, சென்னை ஃப்ளாட்டுக்கான இஎம்ஐ, பள்ளிக் கட்டணம், அம்மாவின் மாத்திரை என்று வரிசையாக எழுதி, கடைசி வரியில் 'ஞாயிறு – 500' என்று போட்டு இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தாள். ஒரு கோடு செலவைக் கட்டுப்படுத்த. இன்னொன்று, அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து வேறு எதற்கும் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக.

2024 மே மாதம் சென்னையிலிருந்து கொச்சிக்கு வந்தோம். ஓஎம்ஆரில் பத்து வருடம் வேலை பார்த்த கம்பெனி ஒரு வியாழக்கிழமை மதியம் எங்கள் டீமையே கலைத்துவிட்டது. மூன்று மாதம் தேடியபின் காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. மனைவி தன் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தாள். பரமக்குடிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தோம். அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அட்டைப்பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் மே 30-ஆம் தேதி பருவமழை கேரளத்துக்குள் வந்துவிட்டது.

மழை எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்களுக்குத் தெரிந்த மழை ஒரு சம்பவம். வரும், கொட்டும், இரண்டு நாள் பேச வைக்கும், போய்விடும். ராமநாதபுரத்தில் வருடத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி. சென்னையில் 1,400. கேரளத்தின் சராசரி 3,000 மில்லிமீட்டர் போல. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி செப்டம்பர் வரை. அது முடிந்து துணி காயப்போட்டால் அக்டோபரில் துலாவர்ஷம். இங்கே மழை சம்பவம் இல்லை, இருப்பு.

சென்னையில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே விடை: திருவான்மியூர் கடற்கரை. மணலுக்குக் காசு கிடையாது. சுண்டல், சோளம், மகளுக்கு ஒரு பலூன், முடிந்தது. கொச்சியில் முதல் ஞாயிறு காலை ஜன்னலருகே உட்கார்ந்து மழை நிற்கக் காத்திருந்தோம். பத்து மணிக்கு நிற்கவில்லை. பன்னிரண்டுக்கு நிற்கவில்லை. மூன்று மணிக்கு நின்றது. சட்டை மாட்டிச் செருப்பைத் தேடுவதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிறு மாலுக்குப் போனோம். உள்ளே போகக் காசில்லை, நனையவும் மாட்டோம் என்பதுதான் திட்டம். பார்க்கிங், சாப்பாடு, குழந்தைகள் விளையாட்டுக் கூடத்தில் அரை மணி நேரம் என்று 1,840 ரூபாய் ஆனது. அன்றைக்கு இரவுதான் ஃப்ரிட்ஜில் அந்தக் கடைசி வரி ஏறியது.

*

முதல் மாதம் வீட்டில் ஆளுக்கொரு விதமாக மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மகளுக்குப் புதுப் பள்ளி, புது மொழி. வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். தினமும் பள்ளி விட்டு வந்ததும் கேட்பாள், "அப்பா, மழை எப்ப முடியும்?" செப்டம்பரில் என்று சொன்னால் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு அழுவாள். மனைவி அழவில்லை. துணி துவைப்பாள், ஃபேனுக்குக் கீழே கொடி கட்டிக் காயப்போடுவாள், ஈரவாடை போகாது, மறுபடி துவைப்பாள். ஒருநாள் இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு ஆள் இல்லப்பா. கடைக்காரர்கிட்ட தக்காளி என்ன விலைன்னு கேக்குறதுதான் ஒரு நாளைக்கு நான் பேசுற பேச்சு." அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு இரண்டாவது கோடு அவள் ஏன் போட்டாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவின் மல்லுக்கட்டு வேறு மாதிரி. வந்த மூன்றாம் நாளே வீட்டிலிருந்த வாளி, குண்டான், சோறு வடிக்கும் சட்டி எல்லாவற்றையும் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வரிசையாக வைத்துவிட்டார். எல்லாம் நிரம்பி வழிந்தபின் என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாடியிலிருந்து இறங்கிவந்த வீட்டுக்காரச் சேச்சி, ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்று நினைத்து, "எந்தா அம்மே, வெள்ளம் வருன்னில்லே?" என்று கேட்டார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்; குழாயில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வெள்ளம் என்றால் வெள்ளம்தான். "வருதே தாயி, இம்புட்டு வருதே, பிடிச்சு வைக்க ஆளில்லாம ஓடுதே" என்றார். இருவரும் அவரவர் மொழியில் ஐந்து நிமிடம் பேசினார்கள். இருவருக்கும் புரிந்ததாகவே தோன்றியது.

என் போனில் தினமும் மழை எச்சரிக்கை வரும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மஞ்சள் என்றால் எவ்வளவு என்று அம்மா கேட்டார். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் என்றேன். ஆரஞ்சு 204.4 வரை, அதற்கு மேல் சிவப்பு. அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார். எங்கள் பக்கம் மழையை உழவில் அளப்பார்கள். மண்ணை உழத் தோதாக நனைத்தால் ஒரு உழவு மழை. "அப்ப மஞ்சள்னா ரெண்டு மூணு உழவு மழை. இதுக்கு எங்கூர்ல பொங்கல் வைப்பாக. இங்க எச்சரிக்கை விடுறாகளா?"

*

மாற்றம் அலுவலகத்து டீக்கடையில் தொடங்கியது. பக்கத்து சீட்டுக்காரர் கோட்டயத்துக்காரர். மழை நின்றதும் எங்காவது போகலாம் என்றிருக்கிறேன் என்றதற்கு, "அப்படிப் பாத்தா ஓணத்துக்குத்தான் வெளிய எறங்கணும்" என்று தமிழிலேயே சொன்னார். "இங்க யாரும் மழை நிக்கக் காத்திருக்க மாட்டாங்க. குடை இருக்கா, போ."

போனோம். ஒரு முறை போய் வந்ததில் சில விதிகள் தெளிந்தன. ஜீன்ஸ் கூடாது, நனைந்தால் காய மூன்று நாள். ஷூ கூடாது, ரப்பர் செருப்பு போதும். பெரிய குடை இரண்டு, மகளுக்கு ரெயின்கோட், பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டும் அவளுக்கு ஒரு செட் துணியும். காலை எட்டு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். சிவப்பு எச்சரிக்கை என்றால் கிளம்பவே கூடாது. மலைப்பக்கமும் அருவிப்பக்கமும் ஆரஞ்சுக்கே கூடாது. நனையாமல் திரும்ப வேண்டும் என்ற ஆசையைக் கிளம்பும்போதே வீட்டில் விட்டுவிட வேண்டும். கடைசி விதிதான் கடினம். அது பழகியதும் மற்றதெல்லாம் எளிது.

முதலில் படகு. காக்கநாட்டிலிருந்து வைற்றிலைக்கு வாட்டர் மெட்ரோ போகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கியது. தொடங்கியபோது எந்த வழித்தடத்துக்கும் இருபதிலிருந்து நாற்பது ரூபாய்க்குள்தான் கட்டணம். மின்கலத்தில் ஓடும் படகு, கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியது, நூறு பேர் போகலாம். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மழையும் ஆறும் ஒரே நிறத்தில் இருக்கும். கரையோரம் கண்டல் செடிகள், பாசி பிடித்த படித்துறை, நனைந்துகொண்டே தூண்டில் போடும் ஒரு ஆள். மகள் ஜன்னலில் மூக்கை அழுத்தி வைத்துக்கொள்வாள். பொறியாளனாக எனக்குப் பிடித்தது அந்தப் படகுத்துறைதான். அது மிதக்கும் மேடை. நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் கூடவே ஏறி இறங்கும். படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம். முழங்கால் வலிக்காரியான அம்மா, யார் கையையும் பிடிக்காமல், வாசல்படி தாண்டுவதுபோல் படகுக்குள் போனார். உள்ளே உட்கார்ந்ததும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னக் கர்வம் இருந்தது. ஊரை விட்டு வந்தபின் அவர் முகத்தில் நான் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதைவிட மலிவு, எறணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு. பத்து ரூபாய் நோட்டு ஒன்று கொடுத்தால் சில்லறை திரும்ப வரும். இருபது நிமிடம். மழை வந்தால் பக்கவாட்டில் தார்ப்பாயை இறக்கிவிடுவார்கள். இதில் ஏற ஒரு படி கீழே இறங்கித் தாண்ட வேண்டும். படகுப் பணியாளர் கேட்காமலேயே அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே விட்டார். மீன்கூடைக்காரர்களும், சைக்கிளோடு வந்தவர்களும், ஞாயிறு பூசைக்குப் போகிற குடும்பங்களும் நிறைந்த படகு. சுற்றுலாப் பயணிகள் அநேகமாகக் கிடையாது. அவர்கள் டிசம்பரில் வருவார்கள்.

ஃபோர்ட் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குப் போனோம். 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான். 1539-இல் எடுத்துப் போர்ச்சுக்கலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மகளுக்கு வாஸ்கோ ட காமாவில் ஆர்வமில்லை. கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கும் பழைய துணி விசிறிகள்தான் பிடித்தன. வெளியே நின்று கயிற்றை இழுத்தால் உள்ளே எல்லாருக்கும் காற்று வரும் என்றேன். "இழுக்குறவருக்கு யாரு விசிறுவா?" என்றாள்.

அங்கிருந்து சீனவலைக்கு நடந்தோம். மழையிலும் வலை இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க, கயிற்றில் கோத்த பெரிய பாறைகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்க, அந்தப் பக்கம் வலை தண்ணீருக்கு மேலே வருகிறது. அம்மா குடைக்குள் நின்று இரண்டு முறை முழுதாகப் பார்த்தார். "இது நம்ம ஏத்தந்தானடா. நாம தண்ணிய இறைச்சோம், இவுக மீனை இறைக்கிறாக." நான் எதிர்ப்பாரம், நெம்புகோல் என்று சொல்ல வாயெடுத்து, அம்மா அதைவிட நன்றாகச் சொல்லிவிட்டதால் பழம்பொரி வாங்கப் போனேன். அன்றைய செலவு 390 ரூபாய்.

*

எல்லா ஞாயிறும் படகு முடியாது. தொடர்ந்து நாலைந்து மணி நேரம் கொட்டினால் தலைக்கு மேல் கூரை வேண்டும். அதற்கு எங்களுக்குக் கிடைத்தது வாயனசாலை.

கேரளத்தில் நூலகம் என்பது பெரும்பாலும் அரசு கட்டிக் கொடுத்த கட்டடம் அல்ல. அந்தந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. 1945-இல் பி.என். பணிக்கர் முன்கையெடுத்து அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் அது கேரளம் முழுக்கப் பரவியது. அவர் மறைந்த ஜூன் 19-ஐ இன்றும் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். மகளின் பள்ளியிலும் கொண்டாடினார்கள்; அதற்காக ஒரு புத்தகம் கொண்டுவரச் சொன்னதால்தான் எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒரு இடம் இருப்பதே தெரிந்தது. ஓட்டுக் கூரை, இரண்டு நீள மேசை, நாளிதழ்கள், ஒரு கேரம் போர்டு, சுவர் முழுக்க இரும்பு அலமாரி. உறுப்பினர் சந்தா எங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் செலவில் சிறு பகுதி.

போன முதல் நாள் மனைவி ஆங்கில அலமாரி முன் நின்றாள், மகள் படப்புத்தகத்தைத் தரையில் பரப்பினாள், நான் நாளிதழைப் புரட்டிப் படம் பார்த்தேன். அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மழைக்கு ஒதுங்கியவர்களை வேடிக்கை பார்த்தார். மூன்றாவது வாரம் நூலகர் அக்கா, மனைவி டீச்சர் என்று தெரிந்துகொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கதை சொல்ல வர முடியுமா என்று கேட்டார். பணம் ஏதும் கிடையாது, டீ உண்டு. மனைவி ஒரு நிமிடம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, சரி என்றாள். வீடு வரும் வழியில் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு மழையில் முன்னால் நடந்தாள்.

அந்தச் சனிக்கிழமைகளில் பதினைந்து பிள்ளைகள் வருவார்கள். கதையில் புரியாத இடத்தை அவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள். அவள் பதில் தேடித் திணறும்போது எங்கள் மகள் இடையில் புகுந்து மொழிபெயர்ப்பாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, அம்மா திணறுவதைப் பொறுக்க முடியாமல் மலையாளம் பேசத் தொடங்கினாள். டீச்சரிடமிருந்து வந்த டைரிக் குறிப்பும் மாறியது: இப்போது வகுப்பில் பேச்சு அதிகம்.

*

அந்த வருடம் ஜூலை 30-ஆம் தேதி விடியற்காலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் நிலச்சரிவில் போயின. நூற்றுக்கணக்கான உயிர்கள். கொச்சிக்கும் வயநாட்டுக்கும் தூரம் அதிகம். ஆனால் அந்த வாரம் வாயனசாலை மேசையில் யாரும் கேரம் ஆடவில்லை. அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மொழி புரியவில்லை, சேறு புரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வாளிகளைக் கூரைக்குக் கீழிருந்து தானாகவே எடுத்து உள்ளே வைத்தார்.

சில நாளில் ஆடி அமாவாசை. இங்கே கர்க்கடக வாவு என்கிறார்கள். ஊரில் இருந்திருந்தால் அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போயிருப்போம். இங்கே எங்கே போவது என்று சேச்சியிடம் கேட்டேன். ஆலுவா மணப்புறம் என்றார். அவருடைய பிறந்த வீடும் ஆலுவாவில்தான். தானும் வருவதாகச் சொன்னார். பஸ்ஸில் போனோம்.

ஆலுவாவில் ஓடுவது பெரியாறு. மணப்புறம் அதன் மணல்கரை. அங்கே ஒரு சிவன் கோவில். மழைக்காலத்தில் ஆறு ஏறினால் கோவிலுக்குள்ளேயே தண்ணீர் வந்துவிடும். லிங்கம் மூழ்கினால் அது சிவனுக்கு ஆறே செய்யும் ஆராட்டு என்று கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு ஆயிரக்கணக்கான ஆட்கள், நனைந்த வேட்டிகள், மைக்கில் ஒலிக்கும் மந்திரம். வாழையிலையில் எள்ளும் அரிசியும் தர்ப்பையும் வைத்து, எனக்குப் பாதி புரிந்த மொழியில் அவர் சொல்லச்சொல்ல, அப்பா பெயரைச் சொல்லி ஆற்றில் விட்டேன். அம்மா பின்னால் குடையில்லாமல் நின்றார். செம்மண் கலங்கிய தண்ணீர், சுழித்துக்கொண்டு ஓடுகிறது. கரையேறியதும் கேட்டார்: "இந்த ஆத்துக்குப் பேரு என்ன சொன்ன?"

"பெரியாறும்மா."

"பெரியாறா? பேப்பர்ல வருமே, அந்தப் பெரியாறா?"

அப்பா வானொலி கேட்டாரோ இல்லையோ, தினமும் பேப்பரில் அணை நீர்மட்டம் பார்ப்பார். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து முதலில் அந்தச் சின்னக் கட்டத்தைத்தான் தேடுவார். பெரியாறு எத்தனை அடி, வைகை எத்தனை அடி. 1895-இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணை, மேற்கே அரபிக்கடலுக்குப் போகும் ஆற்றில் ஒரு பங்கைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி வைகைப் பக்கம் விடுகிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை தாண்டிக் கடைசியில் இருப்பது நாங்கள். வைகை எங்கள் ஊர்க் கண்மாய்களை நிரப்பிவிட்டு, மிச்சமிருந்தால் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் முடியும். பல வருடம் மிச்சமும் இருக்காது, எங்களுக்கும் வராது. அப்பா அணையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அவருக்குப் பெரியாறு என்பது பேப்பரில் ஒரு எண்.

அதே ஆறுதான், அங்கே கிழக்கே திரும்பாத தண்ணீர் இங்கே வருகிறது என்றேன். அம்மா மறுபடி படியிறங்கிப் போனார். முழங்காலை மடக்க முடியாமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "உங்கப்பா தேடுன தண்ணிதான்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

சேச்சி எங்களைத் தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கஞ்சியும் பயறும். கூடத்துச் சுவரில், என் தோள் உயரத்தில், ஒரு பழுப்புக் கோடு. சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் அந்தக் கோட்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளம் ஏறி நின்ற உயரம் அது. அந்த மாதம் 26 வருடத்துக்குப் பின் இடுக்கி அணையின் செறுதோணி மதகுகளைத் திறந்தார்கள். கொச்சி விமான நிலையமே ஆகஸ்ட் 15 முதல் இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. சேச்சியின் அம்மாவைக் கட்டிலோடு மாடிக்குத் தூக்கிய கதையை அண்ணன் சொன்னார். பிறகு மெல்ல, மேலே அந்தப் பழைய அணை இருக்கிறதே, மழை பலத்தால் இன்றும் தூக்கம் வராது என்றார். முல்லைப்பெரியாற்றைத்தான் சொல்கிறார்.

இந்த விஷயத்தை அலுவலகத்தில் நானும் கோட்டயத்துக்காரரும் தொடுவதே இல்லை. இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அது வழக்கு, ஒப்பந்தம், 142 அடி, அரசியல். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். ஆனால் அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். அம்மா கோட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தத் தண்ணி வரலைன்னா எங்களுக்குத் தூக்கம் வராதுன்னு சொல்லுப்பா." அதையும் சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி கஞ்சி விட்டார். யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாது. ஒரே தண்ணீர் வராவிட்டால் என்ற பயமும், வந்துவிட்டால் என்ற பயமும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டன என்பதோடு அது முடிந்தது.

*

குறைந்த செலவில் ஊர் சுற்றுவதைப் பற்றி இணையத்தில் நிறையப் பட்டியல்கள் இருக்கின்றன. கொச்சிக்கும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெயிலுக்கு எழுதப்பட்டவை. அதைவிட முக்கியமாக, ஊருக்கு வந்து போகிறவர்களுக்கு எழுதப்பட்டவை. கையில் காசு இருந்திருந்தால் நாங்களும் அப்படித்தான் இருந்திருப்போம். காரில் ஏறி, மூணாறில் அறை போட்டு, கண்ணாடி ஜன்னல் வழியே மழையைப் படமெடுத்துத் திரும்பியிருப்போம். ஐந்நூறு ரூபாய்க்கு அதெல்லாம் நடக்காது. அந்தத் தொகைக்குக் கிடைப்பது, இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்காகவே வைத்திருக்கும் பொருட்கள் மட்டுமே: ஆற்றைக் கடக்க ஒரு படகு, பேப்பர் படிக்க ஒரு கூரை, செத்தவர்களுக்கு எள் இறைக்க ஒரு கரை. இவை எதுவும் எங்களை மகிழ்விக்கக் கட்டப்பட்டவை அல்ல. அதனாலேயே அங்கெல்லாம் எங்களை யாரும் விருந்தாளியாக நடத்தவில்லை. தள்ளி உட்காரச் சொன்னார்கள், குடையை மடக்கச் சொன்னார்கள், சில்லறை கொண்டுவரச் சொன்னார்கள்.

காசில்லாமை நல்லது என்று நான் சொல்லவில்லை. இஎம்ஐ தேதி வரும்போது எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். மனைவிக்குச் சம்பளமுள்ள வேலை இன்னும் அமையவில்லை; ஆன்லைனில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். காசு கொஞ்சம் கூடினால் முதலில் ஒரு துணி உலர்த்தும் இயந்திரம் வாங்குவோம், அதில் சந்தேகமே இல்லை.

2025-இல் மழை இன்னும் முந்திக்கொண்டு மே 24-ஆம் தேதியே வந்தது. இம்முறை யாரும் எப்போது முடியும் என்று கேட்கவில்லை. ஜூன் மாதம் ஒரு ஞாயிறு வைக்கம் போனோம். வைற்றிலையிலிருந்து பஸ். 1924-இல், கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லா சாதிக்காரர்களும் நடக்கலாம் என்பதற்காகப் போராட்டம் நடந்த ஊர், ஈ.வெ.ரா. வந்து இரண்டு முறை சிறைக்குப் போன ஊர். அவருடைய நினைவகத்தைத் தமிழ்நாடு அரசு புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தது. மகள் சிலையைப் பார்த்துவிட்டு, "இவரு பேருதான் ஆத்துக்கும் வச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். இல்லை, ஆறு இவருக்கும் மூத்தது என்றோம். எந்தத் தெருவில் நடக்கக் கூடாதென்று சொன்னார்களோ அந்தத் தெருவில் மழைக்குள் நாலு பேரும் நடந்து படகுத்துறைக்குப் போனோம். அம்மா மெதுவாகத்தான் நடந்தார், ஆனால் முழுத் தூரமும் நடந்தார்.

வைக்கத்திலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்குச் சூரிய ஒளிப் படகு போகிறது. 2017-இல் தொடங்கியது, இந்தியாவில் இந்த வகையில் முதல் பயணிகள் படகு. அதன் பெயர்ப் பலகை மலையாளத்தில் மட்டும் தெரிந்தது. நான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மகள் 'ஆதித்யா' என்று படித்துவிட்டு, "சூரியனே இல்லையே, எப்படி ஓடும்?" என்றாள். வெயில் அடிக்கும்போது பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும், போதாவிட்டால் கரையில் வயர் சொருகி ஏற்றிக்கொள்ளும் என்றேன். "நம்ம போன் மாதிரியா?" "ஆமா." கூரையில் மழை தட்டிக்கொண்டிருக்க, சத்தமே இல்லாமல் படகு நகர்ந்தது. போய், அதே படகில் திரும்பி வந்தோம். தவணக்கடவில் பார்க்க எதுவும் இல்லை. டீ குடித்தோம்.

அந்த வருடம் புரட்டாசி கடைசியில் அம்மா ஊருக்குக் கிளம்பினார். கோபமோ சலிப்போ இல்லை. "ஐப்பசி கார்த்திகை எங்க மழை. அதை நான் அங்க இருந்து பாக்கணும். தைக்கு வந்துடுறேன்" என்றார். இந்த ஊர் மழைக்கு இங்கே, அந்த ஊர் மழைக்கு அங்கே என்று அவர் தனக்கென ஒரு வருடத்தை வகுத்துக்கொண்டார்.

கார்த்திகையில் போன் வந்தது. கண்மாய்க்கு முழங்காலளவு தண்ணீர் வந்திருக்கிறதாம். மகள் போனைப் பிடுங்கிக் கேட்டாள்: "அப்பத்தா, அது மழைத் தண்ணியா, நம்ம ஆத்துத் தண்ணியா?"

நம்ம ஆறு என்று அவள் சொன்னது பெரியாற்றை.

"ரெண்டுந்தான்டி கலந்து வருது. தனித்தனியாவா வரும்?" என்றார் அம்மா. பிறகு, "இந்த ஞாயித்துக்கிழமை எங்க போறீக? அங்க மழையா?" என்று கேட்டார்.

மழைதான். மங்களவனம் போகலாம் என்றிருக்கிறோம். உயர்நீதிமன்றத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னக் கண்டல் காடு, பறவைகள் வரும். மகள் குடையை வாசலில் எடுத்து வைத்துவிட்டாள்.